கொஞ்சம் என்றால் எவ்வளவு

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டுக்காரருக்குப் பெயர் மாஸ்டர். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மெத்தை தைக்கிற இடம், நடுவில் இவர்களுடைய தகரக் கொட்டகை. மெத்தைக்காரர் பஞ்சு அடிக்க ஆரம்பித்தால் கிரீஸ் தடவி வைத்த பேரிங்கெல்லாம் நரைத்த தாடி வளர்த்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்துக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். மாஸ்டர் சாப்பிட்டு முடித்து டப்பாவைத் தரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. முதலில் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொடுத்தாள். பிறகு பிரேக் டிரம்மைத் துடைத்தாள். அப்புறம் டப்பா காலியாவதற்குள் ஒரு சக்கரத்துக்கு பிரேக் லைனிங் மாற்றி முடித்திருப்பாள். ஒருநாள் சாப்பாட்டோடு வந்தவள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான், ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று.

மாஸ்டரின் பேர் ஊரெல்லாம் பரவியது பின் அச்சு வேலையால். லாரி, வேன் இவற்றின் அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல். உள்ளே கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரமும், அதோடு பல் கோத்துச் சுற்றும் பினியன் என்கிற சின்னச் சக்கரமும் இருக்கும். இரண்டும் ரொம்ப நெருங்கினால் சூடேறித் தேய்ந்துபோகும். விலகினால் ஒன்றையொன்று அடித்து உடைத்துக்கொள்ளும். சரியான இடைவெளி வைத்துப் பூட்டுவதுதான் வித்தை. மாஸ்டர் அதைக் கையாலேயே செய்வார். கிரவுனைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார், "சரி" என்பார். அவர் சரி என்றால் சரிதான். வண்டி திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

அந்தக் கைதான் போயிற்று.

கழுத்தில் எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் ஆனது. வலி போய்விட்டது; ஆனால் வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்தது மரத்ததுதான். சூடான டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேச்சு சுவாரஸ்யத்தில் உட்கார்ந்திருப்பார், விரல் சிவந்துபோனது கூடத் தெரியாது. போல்ட்டில் நட்டைக் கோக்கப் போனால் நட்டு கீழே விழும். இடது கையால் முயற்சி பண்ணுங்களேன் என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, "அது சும்மா வேடிக்கை பாக்க வந்த கை" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிஃபரன்ஷியல் வேலை என்று யார் வந்தாலும் "இப்போதைக்கு எடுக்கறதில்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். பிரேக்கையும் கிளட்ச்சையும் வைத்து அவள் ஒர்க்‌ஷாப்பை ஓட்டினாள். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்தார். பிரித்ததையே மறுபடி பிரித்தார். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பேக்கரிக்காரர் வந்தது அப்போதுதான். தினமும் விடிந்ததும் மேட்டுச் சாலையில் ரொட்டி ஏற்றிப்போகிற வேன் அவருடையது. மேடேறும்போது பின்னால் ஒரு ஊளைச் சத்தம், நாளுக்கு நாள் கூடுகிறதாம். மாஸ்டர் வாயைத் திறக்குமுன், பல் தேய்ந்திருக்கும், கிரவுன் பினியன் புதுசு வாங்கிக்கொடுங்கள், நாங்கள் பூட்டித் தருகிறோம் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்திருக்கிறாள், சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு டிஃபரன்ஷியலைக்கூடத் தன் கையால் பூட்டியதில்லை.

பேக்கரிக்காரர் போகும்வரை மாஸ்டர் நட்டுகளையே பிரித்துக்கொண்டிருந்தார். போனதும், யார் பூட்டப்போவதாம் என்று கேட்டார். நான்தான், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள் என்றாள். அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மனசு இறங்கி, மூலையில் கிடந்த பழைய கிரவுனைப் பினியனோடு கோத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஆட்டிப் பாரு. இது அதிகம். பூட்டும்போது கொஞ்சமா இருக்கணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். 'டக்'னு கேக்கக்கூடாது. 'டிக்'னு கேக்கணும்."

அவள் ஆட்டினாள். அவளுக்கு எல்லாம் டக் என்றே கேட்டது. அவர் ஆட்டிக் காட்டப் போனார். பிடித்தார், ஆட்டினார், கண்ணை மூடினார். அப்படியே நின்றார். கண்ணைத் திறந்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை, கிரவுனையும் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே போய் டயர் கடை வாசலில் நின்றுகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சொன்னாள், அளக்கிற கருவி வாங்கப்போகிறேன் என்று. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை அச்சு பூட்டியிருக்கிறேன், ஒரு கருவியை நான் தொட்டதுண்டா என்றார். அளந்து அளந்து வேலை செய்கிறவன் மெக்கானிக் இல்லை, துணிக்கடைக்காரன் என்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் திரும்பினாள்.

"நீங்க சொல்ற கொஞ்சம் உங்க கையில இருந்துச்சுங்க. அத எடுத்து என் கையில வைக்க உங்களால முடியல. அது உங்க தப்பில்ல. எனக்கு வேற வழி வேணும்."

அவர் போகாதே என்று சொல்லவில்லை.

கருவிக் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். என்ன வேலைக்கு என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள், முதல் டிஃபரன்ஷியல், என்னென்ன அளக்க வேண்டும் என்று தெரியும், எதை வாங்க வேண்டும் என்று தெரியாது. வண்டிக் கம்பெனியின் புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

பல் இடைவெளி பார்க்க டயல் கேஜ் வேண்டும். வட்டமான கடிகாரம் மாதிரி இருக்கும். அடியில் நீட்டியிருக்கும் ஊசி முனையைப் பல்லில் வைத்து ஆட்டினால் முள் நகரும், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துச் சொல்லும். கடைக்காரர் முதலில் எண் ஒளிர்கிற டிஜிட்டலை எடுத்து வைத்தார். அவள் ஆட்டிப் பார்த்தாள். எண்கள் கண்சிமிட்டி ஓடின, எதைப் படிப்பது என்றே தெரியவில்லை. முள் உள்ளதை எடுத்தாள். முள் இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வந்தது. போன தூரம் கண்ணுக்குத் தெரிந்தது. இதுதான் என்றாள்.

அதை நிறுத்தி வைக்கக் காந்த ஸ்டாண்ட். வளைகிற கழுத்துள்ள ஒன்று, எந்தச் சந்திலும் நுழையும் என்று கடைக்காரர் காட்டினார். அவளுக்கும் பார்த்ததும் பிடித்திருந்தது. கடையின் இரும்பு மேஜையில் ஒட்டவைத்து, முனையை ஒரு இரும்புத் துண்டின்மேல் வைத்து, கழுத்தை ஒரு விரலால் தொட்டாள். முள் துள்ளியது. விரலை எடுத்தாள். முள் பழைய இடத்துக்கு வரவில்லை. திரும்பத் தொட்டாள், இன்னொரு இடத்தில் போய் நின்றது.

"இது பல்லோட ஆட்டத்தச் சொல்லுதா, இதோட ஆட்டத்தச் சொல்லுதா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், இரண்டு தடித்த கம்பியும் ஒரு திருகும் உள்ள, பார்க்க அழகில்லாத ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். தொட்டபோது முள் நகர்ந்தது, விட்டதும் சொன்னபடி கேட்டுப் பழைய இடத்துக்கே வந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையத்தை அடியில் வைத்துத்தான் பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதைச் சரிசெய்வார்கள். அதன் தடிமனை அளக்க வெர்னியர் அளவுகோல் போதாதா என்று அவள் கேட்டாள். வீட்டில் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கடைக்காரர் ஒரு ஷிம்மை வெர்னியரில் அளந்துபார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தாள், எத்தனை தடவை திருகினாலும் அதே விடை. பேச்சே இல்லை, அதுவும் பைக்குள் போயிற்று.

பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அளப்பதில்தான் அவள் தப்புச் செய்யப் பார்த்தாள். டார்க் ரெஞ்ச் என்றால் வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்கிற ஸ்பானர் என்றுதான் அவளுக்குத் தெரியும். அதைக் கையில் எடுத்துவிட்டாள். கடைக்காரர் தடுத்தார். நட்டை இறுக்க அது சரி, ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது பினியன் சுற்றும்போது எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதை, சுற்றிக்கொண்டே படிக்க வேண்டும், கிளிக் சொல்கிறவனால் அதைச் சொல்ல முடியாது என்றார். முள் வைத்த சின்ன ரெஞ்ச் ஒன்றைக் கொடுத்தார். மற்றது பெரிய ஆட்களின் சண்டை, இது குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி என்றார். அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

பினியன் ஆழத்தை நேராக அளக்கிற செட் ஒன்று கண்ணாடி அலமாரியில் மரப்பெட்டிக்குள் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரரே வேண்டாம் என்றார். தினம் ஒரு அச்சு பூட்டுகிறவர்களுக்கு அது. நீங்கள் பழைய ஷிம்மின் அளவில் ஆரம்பித்து, பல்லில் மஞ்சள் நிறத் தடப் பசை தடவிச் சுற்றி, பதிகிற தடத்தைப் பாருங்கள், தடம் பொய் சொல்லாது. ஆனால் தடத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும் என்றார். ஆள் இருக்கிறார் என்றாள் அவள்.

பையை மேஜையில் வைத்தபோது மாஸ்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றோடு வாங்கிவந்த பசை டப்பாவை மட்டும் பார்த்தார், அதுதான் அவருக்குப் பழக்கமானது.

புதுக் கருவியை நேராகப் பேக்கரி வேனில் வைத்துப் பழக அவளுக்குத் துணிவில்லை. மறுநாள் தங்களுடைய பழைய பிக்கப்பையே ஜாக்கி போட்டுத் தூக்கினாள். அதன் டிஃபரன்ஷியல் கை நன்றாக இருந்த காலத்தில் மாஸ்டர் பூட்டியது. எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, பினியன் அசையாமல் ஒரு கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, காந்தத்தை அச்சின் மேல் ஒட்டவைத்தாள். முனையைக் கிரவுனின் ஒரு பல்லில் நேராக நிறுத்தவே நெடுநேரம் ஆயிற்று. கொஞ்சம் சாய்ந்தாலும் முள் கதையளந்தது. ஒருவழியாக நின்றது. ஆட்டினாள். பதினேழு. கிரவுனைக் கால்வாசி திருப்பி மறுபடி. பதினேழு. இன்னும் கால்வாசி. பதினெட்டு. கடைசி இடத்தில் மறுபடி பதினேழு. புத்தகம் கேட்பது பதினைந்திலிருந்து இருபதுக்குள்.

அவள் அடியிலேயே மல்லாந்து கிடந்தாள். இத்தனை காலம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன "சரி" இதுதான்.

நட்டு பிரிக்கிற சத்தம் நின்றிருந்தது. வண்டிப் பக்கத்தில் அவருடைய செருப்பு தெரிந்தது.

"எவ்வளவு காட்டுது?"

சொன்னாள். எல்லா இடத்திலும் அதேதானா என்று கேட்டார். ஒரு இடத்தில் ஒன்று கூட என்றாள். அவர் கஷ்டப்பட்டுக் குனிந்து உள்ளே தலையை நீட்டினார்.

"அந்த எடந்தான. தெரியும். பூட்டும்போதே அங்க ஒரு இம்மி தளர்வாத்தான் இருந்துச்சு. போகட்டும்னு விட்டேன்."

அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, முள்ளை நான் பார்க்கிறேன், நீ ஆட்டு என்றார். அவள் ஆட்டினாள். அவர் பார்த்தார். மறுபடி ஆட்டச் சொன்னார். மூடியைப் போடலாம் என்று அவள் சொன்னால், இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். அன்றைக்கு மூடி போட மத்தியானம் ஆகிவிட்டது.

பேக்கரி வேனைப் பிரித்தபோது கோபதாபம் எல்லாம் ஓய்ந்திருந்தது. பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகள் இடம் மாறக்கூடாது என்று அவளே பொட்டுக்குத்தி அடையாளம் வைத்தாள். பழைய ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்தாள். அதே அளவில் புதுசு வைத்துப் பூட்டி, பல்லில் பசை தடவிச் சுற்றினாள். தடம் பதிந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். பல்லின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டது, மெல்லிய ஷிம் போடு என்றார். எவ்வளவு மெல்லியது என்று அவள் கேட்கவில்லை. அளவு அளவாக ஷிம்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் தடிமனையும் சொன்னாள், அவர் ஒன்றைக் காட்டினார்.

ஷிம்மை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இறுக்கமான பேரிங்கைப் பிடுங்கி எடுக்க வேண்டும். இரண்டாவது முறையிலேயே அவளுக்குத் தோள் கழன்றுபோயிற்று. அப்போதுதான் அவர், பழைய பேரிங்கின் உள்வாயைத் தேய்த்துத் தளர்வாக்கி வைத்துக்கொள், பார்த்துச் சரிசெய்கிறவரை அதைப் போட்டுக் கழற்றலாம், கடைசியில் புதுசை இறக்கலாம் என்றார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவள் கேட்டதற்கு, நான் பிடுங்கும்போது எனக்குத் தோள் வலித்ததில்லையே என்றார். மூன்றாவது ஷிம்மில் தடம் பல்லின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

சிக்கல் வந்தது இறுக்கத்தில். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் குழல் உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொடுத்து பேரிங்கைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரும். ஒருதடவை நசுங்கினால் அது திரும்பாது. நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி அவள் உடம்பு முழுக்கத் தொங்கி இழுத்தாள். அசைந்துகொடுக்கவே இல்லை. இன்னும் இழுத்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றிருந்து சட்டென்று போயிற்று. சின்ன ரெஞ்சை மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ நின்றது.

வாசலில் பேக்கரிக்காரர் நின்றிருந்தார். வாடகை வண்டியில் ரொட்டி அனுப்பிக்கொண்டிருந்தார் பாவம், இன்றைக்குக் கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தார். நட்டை லேசாகத் தளர்த்திவிட்டால் யாருக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. மாஸ்டரைப் பார்த்தாள்.

"உங்க கையா இருந்தா இதுக்கு என்ன சொல்லும்?"

அவர் பினியனை இடது கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இறுக்கமா இருக்குன்னு சொல்லும். எவ்வளவுன்னு சொல்லாது. புது பேரிங்கு, ஓட ஓட சரியாயிடும்னு நெனச்சு விட்டிருப்பேன்." சுற்றுவதை விட்டுவிட்டு, "தளர்த்தாத. புது குழல் வாங்கிட்டு வா" என்றார்.

பேக்கரிக்காரரிடம் மாஸ்டரே போய்ச் சொன்னார். அந்த மனுஷர் கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் டயர் கடைக்காரரிடம் போய் இவர்களைப் பற்றியே புலம்பினார். மறுநாள் புதுக் குழலோடு அவள் உட்கார்ந்தாள். இந்தமுறை நட்டு ஒரு நூல் நகர்ந்ததும் ரெஞ்சை மாட்டிப் படித்தாள். மறுபடி ஒரு நூல். மறுபடி படித்தாள். மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தார். போதும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பல் இடைவெளி பதினெட்டு வந்தது.

அவள் ஓட்ட, மாஸ்டர் பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து காதைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார். மேடேறும்போது ஊளை இல்லை. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் தேனீ ஒன்று தூரத்தில் பறக்கிற மாதிரி மெல்லிய ரீங்காரம். அவளுக்கும் கேட்டது. திரும்பி வந்து மூடியைக் கழற்றித் தடத்தையும் இடைவெளியையும் மறுபடி பார்த்தார்கள். எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. தன் கைக்கு இந்தச் சத்தம்கூட வந்திருக்காது என்று அவர் சொன்னார். அவளுக்கு முகம் வாடியது. அதைப் பார்த்துவிட்டு, ஆனால் நான் முதலில் பூட்டிய வண்டி இதைவிடச் சத்தம் போட்டது, நாய் துரத்தும் என்றார்.

ரீங்காரத்தை அவள் பேக்கரிக்காரரிடம் மறைக்கவில்லை. புது எண்ணெய் மாற்றும்போது கொண்டுவாருங்கள், கூடியிருந்தால் மறுபடி பிரித்துத் தருகிறேன் என்றாள். அவர் ரேடியோ போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஆள், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சொன்னபடி கொண்டுவந்தார். வடித்த எண்ணெய் சுத்தமாக இருந்தது. சத்தம் கூடவில்லை, குறையவும் இல்லை. இன்றுவரை அந்த வேன் தேனீயோடுதான் ஓடுகிறது.

அடுத்து ஒரு ஜீப் வந்தபோது மாஸ்டர், மரத்த கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போயிருந்தார். காத்திருக்கலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் தடம் முதல் ஷிம்மிலேயே நடுவில் விழுந்துவிட்டது, அதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது மூடி போட்டு எண்ணெயும் ஊற்றியாகியிருந்தது. ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. இறங்கி வந்து, எனக்காக நின்றிருக்கலாம் என்றார். மனத்தாங்கலோடுதான் சொன்னார், அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு ஒரு லாரி வருது. அது உங்களுக்கு" என்றாள் அவள்.

லாரி என்றால் அந்தச் சின்ன ரெஞ்ச் போதாது, இன்னும் பெரிய முள் ரெஞ்ச் வேண்டும் என்றார் மாஸ்டர். கடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார். மரத்த விரல்களுக்குப் பொத்தான் அகப்படாமல் தடுமாறியது. அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்கள்.